எட்டுக்கு நாலு பலகை

ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு வாளி வைக்கக் குனிந்தபோதுதான் பிரீனா அதைப் பார்த்தாள். பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குக் கீழே, பென்சிலில், அப்பாவின் கையெழுத்து. ‘இடது ஹார்ன்.’

துணியை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். ‘வலது ஹார்ன்.’ பக்கத்தில் வரிசையாக ஆணி பிடுங்கிய ஓட்டைகள். மூன்று மாதமாக அப்பா கோடு போட்டு, ஆணியடித்து, காரின் பழைய வயர்களைப் பரப்பி வைத்திருந்த எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை இப்போது அவருக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்த வயர்களைக் காணோம்.

தலைமாட்டில் பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். பிரீனா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பந்தல் வாசலுக்குப் போனாள். சித்தப்பா செல்வன் அங்கே வேனிலிருந்து நாற்காலி இறக்க வைத்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“சித்தப்பா, பலகையில இருந்த வயரு எங்க?”

“எந்த வயரு?”

“காருக்குள்ளது. அப்பா ஆணியடிச்சு வச்சிருந்தது.”

“அதா? தொட்டா உதிருகு, அதெல்லாம் ஒரு வயரா? காலைல ஆக்கர்காரன் பழைய இரும்பு கேட்டு வந்தான், சாக்கோட தூக்கிக் குடுத்தேன். போர்ச்சுத் தரை மேடும் பள்ளமுமா கெடக்கு, பெட்டி நின்னு ஆடிச்சு. பலகை ஒண்ணு கெடந்தது நல்லதாப் போச்சு.”

பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடுதான் சொன்னார். சாவு வீட்டில் இழுத்துப்போட்டு வேலை செய்கிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஊரில் பாதி அநியாயம் நடக்கிறது என்று பிரீனாவுக்குத் தோன்றியது.

“யாரைக் கேட்டுக் குடுத்திய?”

“ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டு நின்னா அடக்கம் நடக்குமா? நீ போயி அப்பா பக்கத்துல இரி மக்களே. ஆளு வருகு.”

தம்பி ஜெப்சன் இடையில் வந்தான். தோஹாவிலிருந்து காலையில்தான் திருவனந்தபுரத்தில் இறங்கியிருந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. “அக்கா, பழைய வயருக்கா இப்பச் சண்ட? நான் அனுப்புன புது வயரிங் செட்டு சும்மாதான கெடக்கு. அதை மாட்டுனாப் போச்சு.”

அவனை அறையலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள்.

அறுபத்தெட்டு மாடல் அம்பாசிடர். அப்பா செல்வதாஸ் முப்பது வருடம் நாகர்கோவில் டாக்ஸி ஸ்டாண்டில் ஓட்டிய வண்டி. ஜனவரியில் ஒருநாள் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. உள்ளே துணி சுற்றிய வயரெல்லாம் மக்கிப்போயிருந்தது. மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றானது. எந்த வயரிங் செட்டைப் போடுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

ஜெப்சன் அனுப்பியது எந்தக் காருக்கும் பொருந்தும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த வெளிநாட்டு செட்டு. அப்பா பிரித்து முற்றத்தில் விரித்துப் பார்த்தார். ஹார்ன் வயர் மட்டும் கேட்டைத் தாண்டிப் போயிற்று. “எல்லா காருக்கும் பொருந்தும்னா இந்தக் காருக்குப் பொருந்தாதுன்னு அர்த்தம்” என்று சொல்லித் திரும்பச் சுருட்டி வைத்துவிட்டார்.

பிரீனாவுக்குப் பிடித்தது கோயம்புத்தூரில் செய்கிற செட்டு. அதே மாடலுக்கு அளவெடுத்தது, மெயினுக்குப் பிரவுன், லைட்டுக்கு நீலம் என்று நிறம்கூட மாறாதது. வந்தால் ஒரு வாரத்தில் வண்டி ஓடும். அப்பா அதற்கும் தலையாட்டினார், ஆனால் வாங்கவில்லை. வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியா இருக்கிறது என்று கேட்டார். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் வைத்தாயிற்று. டாக்ஸி மீட்டருக்கு ஒரு வயர் இழுத்தாயிற்று. பின் சீட்டுக்கு மேலே ஒரு சின்ன பல்புக்கு ஒரு வயர். இதெல்லாம் எந்த செட்டில் வரும்? அதனால் பழையதை அப்படியே பலகையில் பரப்பி, கிளை பிரிகிற இடமெல்லாம் ஆணியடித்து, அதை வைத்துக் கோட்டாறில் கார் வயரிங் வேலை பார்க்கிற சுயம்புராஜிடம் புதிதாகக் கட்டச் சொல்வது என்று முடிவு செய்தார். அது முடிகிற வழியைக் காணோம்.

முந்தாநாள்தான் அவளுக்குப் பொறுமை போனது. “அந்த ஒத்தப் பல்புக்காகத்தானப்பா நல்ல செட்டை வேண்டாங்கிய? அதை வெட்டிப் போடுங்க. இப்பப் பின்னால இருந்து யாரு படிக்கா?”

அம்மா உயிரோடிருந்து ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்த வருடங்களில் பிரீனா வீட்டுப்பாடம் எழுதியது அந்தப் பின் சீட்டில்தான். ஸ்டாண்டில் வண்டி நிற்கும், சவாரி வந்தால் அவள் முன் சீட்டுக்கு மாறிக்கொள்வாள். அந்த பல்பு அவளுக்காக வைத்தது. அதைத்தான் வெட்டச் சொன்னாள். அப்பா பதில் சொல்லவில்லை. சுத்தியலை எடுத்து அந்த வயருக்கு ஐந்து ஆணி அடித்தார். மறுநாள் மத்தியானம், அவள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஓம் விதியைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடக்கிறார் என்று போன் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போகிற பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. சண்டாளர், கடைசி வரைக்கும் அதை விடவில்லை.

பதினொரு மணிக்கு சுயம்புராஜ் வந்தார். நெற்றியில் நாமம், கையில் ரோஜா மாலை. மாலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்து நின்றார். திரும்பும்போது பிரீனா அவரைத் தூணோரம் நிறுத்தி நடந்ததைச் சொன்னாள்.

“வயரு போனாப் போட்டும் டீச்சர்” என்றார். “நெறம் எனக்கு மனப்பாடம். நீளம் வேணும், எங்கன பிரியுதுன்னு வேணும். ஆணி ஓட்டை இருந்தாலே போரும், நான் கட்டிருவேன். பலகை இருக்கா?”

“அப்பா அதுமேல கெடக்காரு.”

சுயம்புராஜ் பெட்டியைப் பார்த்தார். கீழே சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். வாளிக்குப் பாதி, பலகைக்குப் பாதி.

“சாதா பிளை. தண்ணி எறங்குனா ஊதிரும். ஓட்டையெல்லாம் அடைஞ்சு போவும்” என்றார். “அடக்கம் எப்ப?”

“நாலு மணிக்கு.”

பிரீனா திரும்பவும் சித்தப்பாவிடம் போனாள்.

“பெட்டியை ரெண்டு நிமிசம் தூக்கணும். பலகையை எடுக்கணும்.”

“ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வச்ச பெட்டியை அடக்க நேரத்துக்கு முன்ன அனக்குனா ஊரு என்ன சொல்லும்? போதகர் வாற நேரம்.”

“ஊரு சொல்லுகதை நான் கேட்டுக்கிடுகேன்.”

“ஏட்டி, செத்தவருக்கு மரியாதை வேண்டாமா?”

அவ்வளவுதான். மரியாதை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்த பந்தலின் நடுவில் போய் நின்றாள்.

“மூணு மாசமா அவரு முட்டு வலிக்கத் தரையில இருந்து செய்த சோலி அது. அதைப் பிடுங்கி ஆக்கருக்குக் குடுத்துட்டு, மிச்சத்துமேல அவரையே போட்டு நனைக்கிய. இதுதான் ஒங்க மரியாதையா சித்தப்பா? ஏலே ஜெப்சா, வந்து ஒரு பக்கம் பிடி.”

பாட்டு நின்றது. ஜெப்சன் சித்தப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் அசையவில்லை. சுயம்புராஜ் தோள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து பெட்டியின் கால்மாட்டைப் பிடித்தார். அதன் பிறகுதான் ஜெப்சன் வந்தான். நாற்காலி இறக்கிய இரண்டு பேரும் வந்தார்கள்.

நான்கு விரற்கடை தூக்கினார்கள். பிரீனா முழங்காலிட்டுப் பலகையை இழுத்தாள். ஈரத்தில் அது தரையோடு ஒட்டிக்கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது தடவை இழுத்தபோது பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. கண்ணாடிக்குள் அப்பாவின் தலை லேசாக அவள் பக்கம் சாய்ந்தது. “படுபாவி” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பிரீனா திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்த பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் தென்னைமூட்டில் தள்ளி நிறுத்தியிருந்த காருக்குப் போனாள். அதன் பக்கவாட்டில் வெயில் படும்படி சாய்த்து வைத்தாள்.

நாலு மணிக்குக் வேதக்கோயில் மணி அடித்தது. அடக்கம் நடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து சித்தப்பா இந்த வீட்டுக்கு வரவில்லை. இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது. போகட்டும்.

வந்தவர்கள் முன்பக்கம் கஞ்சியும் பயறும் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரீனா பின்பக்கம் பலகையைத் தரையில் கிடத்தி, அப்பாவின் ஆணி டப்பாவோடு உட்கார்ந்தாள். முன்பாதி தப்பித்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்து ஆணியைச் செருகினாள். ஹார்ன், ஹெட்லைட், ஆல்டர்னேட்டர், மீட்டர். பின்பாதியில் எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. மரம் ஊதிப் பொருக்கு விட்டிருந்தது.

ஜெப்சன் வந்து எதிரே குந்தினான். அவள் கை நீட்டுகிறபோதெல்லாம் ஆணி எடுத்துக் கொடுத்தான்.

“இது எதுக்குள்ளதுக்கா? தனியாப் போவுது.”

அந்த வரிசையில் நான்கு ஓட்டைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. பல்பு முனைக்கு அடித்த ஐந்தாவதைக் காணோம். நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஓட்டை அடைந்துபோயிருந்தது.

எழுந்து காரின் பின் கதவைத் திறந்தாள். குனிந்து உள்ளே ஏறி, வலது ஓரத்தில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அளவு டேப்பின் ஒரு முனையைக் கதவுத் தூணில் வயர் ஏறுகிற துளையில் ஜெப்சனைப் பிடிக்கச் சொன்னாள். மறுமுனையைத் தலைக்கு மேலே அந்தச் சின்ன பல்பு வரை கொண்டுபோனாள்.

“எவ்வளவுன்னு பாரு.”

ஜெப்சன் பல்பைப் பார்த்தான். பிறகு டேப்பைப் பார்த்து, “இருவத்தி மூணு இஞ்சு” என்றான்.

அவள் கையை இறக்கவில்லை. “சரியாப் பாருலே” என்றாள்.