டப்பா காலியாகப் போகக் கூடாது

என் தம்பி வீரமணியின் வீடும் என் வீடும் குருவிநத்தத்தில் ஒட்டினாற்போல் இருக்கின்றன. நடுவில் இடுப்பளவு சுவர். அதற்கு மேலே ஓர் எவர்சில்வர் டப்பா வருவதும் போவதுமாக இருக்கும். வரும்போது அதில் தம்பி பெண்டாட்டி செல்வகுமாரி செய்த கேக் இருக்கும். போகும்போது நான் சுட்ட அதிரசமோ முறுக்கோ இருக்கும். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை உண்டாக்கிய புண்ணியவதி குமாரியின் கேக்கைத் தின்றதில்லை.

ஓவன் வாங்கியதிலிருந்து குமாரிக்கு நிற்க நேரமில்லை. செல்போன் வீடியோவில் ஒரு கப் மாவு என்றால் அரிசி அளக்கும் ஆழாக்கை எடுப்பாள். ஒரு கப் சர்க்கரை என்றால் டீ குடிக்கும் கப். சோடா உப்பு கைக்கு வந்த அளவு. ஒரு வாரம் மேலே கரி, உள்ளே கூழ். இன்னொரு வாரம் அரிவாள்மணையில் வைத்து அரிந்தேன், அரிவாள்மணைதான் ஆடியது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் நாத்தனார், அவள் வாய்க்கு அண்ணி. சாம்பாரில் உப்பு கம்மி என்று நாத்தனார் சொன்னாலே அது பஞ்சாயத்தில் போய் முடியும். அதனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு, அவள் உள்ளே போனதும் என் செவலைப் பசுவின் கழனித் தொட்டியில் போட்டுவிடுவேன். செவலை தொட்டியை நக்கித் துடைத்துவிடும். டப்பாவைக் கழுவி அதிரசம் வைத்து அனுப்புவேன். அதிரசம் நன்றாக இருக்க இருக்க, கேக் எனக்குப் பிடித்துவிட்டது என்று குமாரி முடிவு கட்டினாள். அடுத்த டப்பா இன்னும் சீக்கிரம் வந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தம்பி மகள் பிரியதர்ஷினியைப் பெண் பார்க்கத் திருக்கனூரிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. பையன் அரிகரன், அவளோடு கல்லூரியில் படித்தவன். இருவரும் பேசி வைத்துக்கொண்டதுதான். அவன் அம்மா கலியம்மாள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. மனுஷர்களைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றிருந்தாளாம். கேசரி எல்லோர் வீட்டிலும் வைப்பது, நான் கேக் வைக்கிறேன், அண்ணியே விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று குமாரி சொல்லிவிட்டாள். பிரியா சுவரோரம் வந்து நின்று அழுதாள்.

அவர்கள் வருகிற அன்று காலை, சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். குமாரி மாவைக் குழைத்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். அவள் டப்பா என்னிடம்தான் இருந்தது. அதில் அதிரசத்தை அடுக்கிக் கொண்டுபோய் வைத்தேன். என் தைரியம் அவ்வளவுதான்.

வந்து உட்கார்ந்ததும் கலியம்மாள் தட்டிலிருந்து ஒரு துண்டு கேக்கை எடுத்தாள். பிட்டுப் பார்த்தாள், பிய்யவில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டுக்கு மேல் செவலையின் தலை தெரிந்தது. ஓவன் வாசனைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்தது. தம்பி விரட்டினான். அது கேக் தட்டையே பார்த்துக் கத்தியது. கலியம்மாள் எழுந்துபோய்த் தன் துண்டை நீட்டினாள். ஒரே வாய். அடுத்ததற்கும் நாக்கை நீட்டியது.

"இன்னாமா இது, தெனிக்கும் துன்னு பழகுன மாடாட்டம் கீது?" என்றாள்.

குமாரி மாட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

கலியம்மாள் ஓர் அதிரசத்தைக் கடித்துவிட்டு இது யார் செய்தது என்று கேட்டாள். குமாரி தான்தான் என்று சொல்லியிருக்கலாம். நானும் தலையாட்டியிருப்பேன். பெண்ணின் கல்யாணம் அல்லவா.

"எங்க அண்ணி செஞ்சது," என்றாள் குமாரி. "எனக்கு இதெல்லாம் வராது."

கலியம்மாள் மிச்ச அதிரசத்தை டப்பாவோடு வாங்கிக்கொண்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டாள்.

அதன் பிறகு குமாரி என்னோடு பேசவில்லை. ஓவனைத் துணி போட்டு மூடினாள். திட்டியிருந்தால் நானும் திட்டி ஆறியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கரிந்த வாசனைகூட வராதது எனக்குத் தாங்கவில்லை. செவலை சுவரோரமே நின்றது. பிரியா போனைப் பார்த்தபடி கிடந்தாள். திருக்கனூரிலிருந்து டப்பா வரவில்லை. காலியாக வந்தால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசியில் அரிகரனே பைக்கில் டப்பாவோடு வந்தான். நான் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே கேக். கலியம்மாள் தன் கையால் செய்தது. பெண் காரியத்தில்கூடப் பொய் சொல்லாதவள் வீட்டில் தாராளமாகச் சம்பந்தம் வைக்கலாம் என்று அம்மா சொல்லியனுப்பியதாகச் சொன்னான். அம்மாவுக்கும் செல்போன் பார்த்து கேக் செய்யும் பழக்கம் உண்டு, ஆனால் வீட்டில் மாடு இல்லை என்று தயங்கித் தயங்கிச் சேர்த்தான்.

குமாரி ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். அதற்குள் கலியம்மாளே போனில் வந்துவிட்டாள்.

"ரொம்ப நல்லா கீது சம்பந்தி," என்றாள் குமாரி. "எங்க அண்ணிகூட விரும்பி சாப்ட்டாங்க."

போனை வைத்துவிட்டு டப்பாவோடு சுவரோரம் வந்தாள்.

"அண்ணி, மாட்ட அவுத்து வுடுங்க," என்றாள். "அப்டியே அதிரசத்துக்கு அரிசி ஊற வைங்க. டப்பா காலியா போவக் கூடாது."