தெறிக்கும் எண்ணெய்

“பின்னாடி ஆள் உட்காருவாங்களா சார்?” என்று உதிரிபாகக் கடைக்காரர் கேட்டதும் தபால்காரருக்குச் சுருக்கென்றது. மோட்டார் சைக்கிள் செயினுக்கு ஸ்ப்ரே வாங்க வந்தவரிடம் குடும்பக் கதையா கேட்பது?

“அது எதுக்கு உங்களுக்கு?”

“கெட்டி எண்ணெய் மழைக்கு நல்லா தாங்கும். ஆனா தெறிக்கும், பின்னாடி உட்கார்றவங்க துணி பாழாயிடும். மெழுகு ஸ்ப்ரே அவ்வளவா தெறிக்காது, ஆனா மழையில சீக்கிரம் போயிடும்.”

அந்தக் கறையைப் பற்றி அவருக்கா தெரியாது? அப்பாவும் மகளுமாக இரண்டே பேர்தான் என்றாலும், அவளுடைய வெள்ளை நர்ஸ் சீருடையில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டால் வீடு இரண்டுபடும். அதனால் எண்ணெய் போட்ட அன்றெல்லாம், தெறிப்பது தெறிக்கட்டும் என்று தெருவைத் தனியாக இரண்டு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் அவளை ஏற்றிக்கொள்வார். போன மாதம் கல்யாணமாகி அவள் வெளியூர் போய்விட்டாள்.

“யாரும் இல்ல. கெட்டியானதே குடுங்க.”

வீட்டுக்கு வந்து, பின்சக்கரத்தைக் கையால் உருட்டியபடி, செயினின் உள்பக்கம் ஒரு கண்ணி விடாமல் அடித்தார்.

“இனி எப்படி வேணா தெறிச்சுத் தொலை” என்று செயினிடமே சிடுசிடுத்துவிட்டு, வழிந்ததைத் துடைத்து, வண்டியைக் கிளப்பினார்.

தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். வீட்டு வாசலுக்கு வந்து, இன்ஜினை அணைக்காமல் காலை ஊன்றி நின்றார்.

பூட்டிய கதவைப் பார்த்து ஹார்னையும் அடித்துவிட்டார்.