ஒரு விரல் குட்டையான தாள்

சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை மெஷினுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். தாளில் இருப்பதை மட்டும் காப்பி எடுத்தால் ஆகாதா? எழுதியவர் மனசில் ஒளித்து வைத்ததையும் அவர் கையெழுத்திலேயே அடியில் ஒரு வரி கக்கிவிடும். 'கடும் காய்ச்சல்' என்று லீவு லெட்டர் கொண்டுவந்த ஆளுக்குக் கீழே 'மேட்ச் பார்க்கணும்' என்று வந்தது. அந்த வரியைக் கத்தரித்துவிட்டுக் கொடுப்பது கடையைப் பார்த்துக்கொள்ளும் அவர் அண்ணன் மகளின் வேலை.

"உங்க கடைக் காப்பி மட்டும் ஏன் ஒரு விரல் குட்டையா இருக்கு?" என்று கேட்டவன் ஒருத்தன்தான், மருந்துக்கடைக்காரர் மகன். கோழி கிண்டியது போல எழுதுவான். அவன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான். இரண்டு வருஷமாக அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள், வாயைத்தான் திறக்கவில்லை.

இன்றைக்கு மூன்றரை மணிக்கு மூச்சு வாங்க வந்து நின்றான். வெளியூர் வேலைக்கு விண்ணப்பம். நான்கு மணியோடு முடிகிறது.

"நீயே எழுதிக் குடு. என் எழுத்தைப் பாத்தா அப்பவே கிழிச்சிடுவாங்க."

பாவி, அவனை ஊரைவிட்டு அனுப்பும் தாளை அவள் கையாலேயே எழுத வைத்தான்! எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தை மட்டும் அவன் போட்டான், தனக்கென்று ஒரு காப்பியும் கேட்டான். காப்பி வெளியே வந்ததுதான் தாமதம், கத்தரிக்கோலை அவள் எடுப்பதற்குள் தாளை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். மூடியைத் தூக்கினால், ஒரிஜினல் கண்ணாடிமேலேயே கிடக்கிறது.

குடி முழுகிப் போச்சு! காப்பியைக் கொடுத்தால் அவன் வேலை போச்சு. அடியில் 'போகாதே' என்று இவள் எழுத்தில் வந்திருந்தால் இவள் மானமும் போச்சு. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

எதிர்த் தெரு அலுவலகத்தில் வரிசையில் அவன் நின்றிருந்தான். தாளின் அடியைக் கட்டைவிரலால் மறைத்திருந்தான்.

"இந்தா ஒரிஜினல். அதைக் குடுத்துடு, படிக்காதே!"

"படிச்சிட்டேன்."

"மன்னிச்சிரு. நான் வேணும்னு..."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? இது என் எழுத்து. எப்ப எழுதினேன்னுதான் தெரியல." அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

பிடுங்கிப் பார்த்தாள். ஆமாம், யார் எழுதிக் கொடுத்தாலும் மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டவன்தானே கணக்கு! சாட்சாத் கோழிக் கிண்டல்: 'இவகிட்ட மனசுல இருக்கறதச் சொல்லாம எப்படிப் போறது?'

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்று நினைத்து எவ்வளவு அழுதிருக்கிறாள்! சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கவுண்டரில் கூப்பிட்டார்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"வேலை கிடைச்சாலும் வாராவாரம் வந்துருவேன். நீ ஒண்ணும் சொல்லலையே?"

"கடைக்கு வா. நானும் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் காப்பி எடுத்துத் தரேன்," என்றாள் அவள். "கத்தரிக்காம."