நேரில் பார்வையிட்டேன்

முழங்கால் இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது, மேசைக்கடியில் செருப்பை உதறிவிட்டுக் காலை நீட்டிப் பார்த்தாள், வலி இடம் மாறியதே தவிரக் குறையவில்லை… நான்கு மாடி, லிஃப்ட் இன்னும் ஓடாத கட்டடம், ஐம்பத்தெட்டு வயதில் யார் ஏறச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கல்லூரி முதல்வரான அவளே புது விடுதியின் படியேறிச் சுவரைத் தட்டிப் பார்ப்பாளென்று எதிரே உட்கார்ந்திருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார், தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஃபைலை இரண்டு விரலால் தள்ளுகிறார், கட்டடம் குடியிருக்கத் தகுதியானது, நேரில் பார்வையிட்டேன், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. திங்கட்கிழமை நூற்றிருபது பெண்பிள்ளைகள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். மூன்றாம் மாடியில் தூணும் உத்தரமும் சேருமிடத்தில் விரிசல், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் செருகினாள், பாதி உள்ளே போயிற்று. பூச்சு விரிசல்தான், பூசி மெழுகிவிடலாம் என்றாராம் பொறியாளர். யாரிடம்? காரைச்சட்டி சுமந்தே உச்சந்தலை வழுக்கையான அம்மாவுக்குப் பிறந்தவளிடமா, பள்ளி விடுமுறை முழுக்க மணல் சலித்தவளிடமா? பூச்சு வெடித்ததா, உள்ளே எலும்பு முறிந்ததா என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள்… இவர் பேச்சை நிறுத்தமாட்டார், திறப்பு விழா, அழைப்பிதழ், வரப்போகிற பெரிய மனிதர்கள், கல்லூரியின் மானம். மானம் என்ன, மூன்றாம் மாடியிலா குடியிருக்கிறது?

"ஒரு கையெழுத்துதானே மேடம். மாநகராட்சியில இருபத்திரண்டு வருஷம் நீங்க போடாததா?"

புகழ்கிறார், பாவம், எந்த இடத்தில் விரல் வைத்தோமென்று அவருக்குத் தெரியாது. மாநகராட்சிக் கட்டடப் பிரிவில் நேரில் பார்வையிட்டேன் என்ற வாசகத்துக்கு ரப்பர் முத்திரையே இருந்தது, அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்த குமாஸ்தாவை எல்லோரும் முத்திரை அண்ணன் என்றார்கள், அதிகாரி நேரில் போய் வந்தேன் என்று வாயால் சொல்லாமல் குத்தமாட்டார், அப்படியொரு பிடிவாதம்… குத்துங்கண்ணே, நான் போய்ப் பாத்துட்டேன் என்றாள். போகவில்லை. வெயில், மறுநாள் பதவி உயர்வு நேர்காணல், என்ன ஆகிவிடப்போகிறது என்ற திமிர். மூன்றே மாதத்தில், அவள் பார்க்காமலே கையெழுத்திட்ட சந்தைக் கட்டடத்தின் மாடிப்படி இடிந்து இறங்கியது, மூட்டையோடு ஏறியவனுக்கு ஒரு கால் போயிற்று. விசாரணையில் என்ன சொன்னாள்? நான் சொல்லாமலே முத்திரை குத்தியிருந்தது, நம்பிக் கையெழுத்திட்டேன். அண்ணன் ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு வேலை போனது, அவளுக்குப் பதவி ஏறியது, அதன்மேல் ஏறி ஏறித்தானே, விருப்ப ஓய்வு வாங்கி, ஆறு வருஷமாக இந்த முதல்வர் நாற்காலி, பொதுப்பணியில் நீண்ட அனுபவம் என்று கல்லூரி மலரில் அச்சடிக்கிறார்கள், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கமிஷனர் வருது என்கிறார்கள்…

"போட்டிருக்கேன் சார். அதனாலதான் இன்னிக்குப் போடல."

அப்படியானால் இந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் தலைவர், குரலை உயர்த்தாமல்.

"பாருங்க. அவரையும் நாலு மாடி ஏறச் சொல்லுங்க."

ஃபைலை இழுத்து அச்சடித்த வரியைக் குறுக்காக அடித்தாள், மூன்றாம் மாடி உத்தரத்தில் விரிசல், யாரும் குடியேறக் கூடாது, நேரில் பார்வையிட்டேன், இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து நிஜம், பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திக் கையெழுத்திட்டாள். தலைவர் போனபின் கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது. வேலை போனால் போகட்டும், சட்டி சுமந்த வம்சம்தானே, சோற்றுக்கு வழியில்லாமலா போகும்? நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது… யாரிடமாவது இந்தத் தாளைக் காட்ட வேண்டும்போல, யாரிடம்? கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் காகிதம் அடுக்கிக்கொண்டிருப்பார் முத்திரை அண்ணன், ஆறு வருஷமாகக் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடக்கிறாள். நான்கு மாடி ஏறிய கால், சாலையைக் கடக்க எழவில்லை. இதைக் காட்டினால் அது தீர்ந்துவிடுமா? தீராது. நான் போகவில்லை அண்ணே, பொய் சொன்னேன் என்ற ஒரு வாக்கியம், பதினாறு வருஷமாக அவருக்குப் பாக்கி.