எட்டுப் பங்கு

மனைவியைத் தலையணையில் சாய்த்து, காய்ந்த உதட்டில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தார் தையற்காரர். அந்த நேரம் பார்த்து மருந்துத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது.

அங்கே மூலிகைச் சத்து பிரிக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. இருபத்தாறு வருஷமாக நெடியேறும் கரைப்பானில்தான் இலையை ஊறப்போட்டார்கள். அந்த நெடி ஆட்களோடு தலைவலியாக வீடுவரை வரும். சர்க்கரையும் எலுமிச்சை உப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்த பாகே சத்தை இழுத்துவிடும் என்று அவள் சொன்னபோது, மருந்து காய்ச்சுகிறீர்களா மிட்டாய் காய்ச்சுகிறீர்களா என்று கேட்டாராம் மேலாளர். தையற்காரருக்கும் அது விளங்கியதில்லை. ஆனாலும் அவர் அவள் கட்சி.

போனில் பேசியது அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண். பழைய முறையில் நூறு பங்கு சத்து வந்தால், பாகில் தொண்ணூற்றிரண்டு. மேலாளர் தயங்குகிறார்; மாற்றுவதா வேண்டாமா என்று அம்மாதான் சொல்ல வேண்டும்.

நூறே வந்துவிட்டதென்று சொல்லிவிடலாமா? போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டுமே. அவள் கண் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை. முப்பது வருஷத்தில் அவர் சொன்ன ஒரு பொய்கூட அவளிடம் விலைபோனதில்லை.

"தொண்ணூத்திரெண்டும்மா. எட்டு குறையுது."

அவள் விரல் போர்வையின்மேல் எதையோ கணக்குப் போட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் நினைத்தார்.

"இன்னொரு பிடி இலை கூடப் போட்டா ஆச்சு," என்றாள் மெல்ல. "மாத்தச் சொல்லுங்க."

சொன்னார்.

"என்ன சொல்றா?"

"அழறா."

"வேலையப் பாக்கச் சொல்லுங்க... நீங்க இப்பிடி வந்து படுங்க."

கட்டில் ஓரத்தில் ஒருக்களித்து, அவள் விரல்களைக் கைக்குள் வைத்துக்கொண்டார். சாயங்காலம் விளக்குப் போட எழுந்தபோது அந்த விரல்கள் அவரைப் பிடிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு விளக்கைப் போடாமலே, பழையபடி பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்த ஆட்கள் உடைகூட மாற்றாமல் நேராக வந்தார்கள். ராத்திரியே முதல் கொப்பரைப் பாகு காய்ச்சியாகிவிட்டதென்று அந்தப் பெண் அவர் காதருகே சொன்னாள். அவர் தலையாட்டினார்.

நாற்காலி போட வெளியே வந்தார். வாசலில் ஆட்கள் கழற்றிய பிசுபிசுத்த செருப்புகளை எறும்பு மொய்த்துக்கிடந்தது. கூட்டித்தள்ள அண்ணி துடைப்பத்தோடு வந்தாள்.

"இருக்கட்டும் அண்ணி," என்று துடைப்பத்தை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, எறும்புச் சாரையை மிதிக்காமல் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்.