துடைத்த கோடு

காளியப்பனின் சாவுக்கு நான்தான் காரணம். பொலிசையும் மின்சாரக் கந்தோரையும் திட்டித் தீர்த்துப் பார்த்துவிட்டேன், மனம் ஆறவில்லை.

எண்பத்தைந்தில் நடந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முற்றத்து ஈரப்பலா மரத்தைத் தறித்தபின் அடிக்கட்டை மிஞ்சியது. அதில் கறையான் ஏறி வீட்டுக்குள் வரப் பார்த்தது. கட்டையைக் கிளப்பத் தெமட்டகொடையிலிருந்து காளியப்பனைக் கூப்பிட்டோம். அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அலவாங்கைக் கீழே வைத்தார்.

“பின்னால ஐஸ் பெக்டரிக்கு கரண்ட் கேபிள் இதுக்கு அடியிலதானே போகுதும்மா? அது எங்கன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். எனக்கு மூணு பிள்ளைங்க.”

நியாயமான மனிதர். என் கணவர் றேமண்ட் நாலு தரம் கந்தோருக்கு அலைந்து ஓர் உத்தியோகத்தரைக் கூட்டிவந்தார். வந்தவர் வரைபடத்தைப் பார்த்து, கேபிள் நுழையும் இடத்தில் வெளி மதிலில் சிவப்புப் பெயின்ற்றால் பெருக்கல் குறி போலப் பெரிய புள்ளடி ஒன்று போட்டார். உள்ளே, கட்டையின் இடது பக்கமாகச் சீமெந்து முற்றத்தில் ஒரு கோடு இழுத்தார்.

அந்தப் புள்ளடியை மதிலில் விட்டுவைக்க என்னால் முடியவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எரிக்க வேண்டிய தமிழர் வீடுகளுக்கு முதலே அடையாளம் போட்டிருந்தார்கள் என்று எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பேச்சு. அதற்குப் பிறகு மதிலில் ஒரு கரிக்கோடு கண்டாலும் தேய்த்துக் கழுவுகிறவள் நான்.

“விசரே உமக்கு, பிறிஜெற்? அது கரண்ட் ஆக்கள் போட்டது,” என்றார் றேமண்ட்.

“எரிக்க வாறவன் ஆர் போட்டதெண்டு விசாரிச்சிட்டோ எரிப்பான்?”

பெயின்ற் காயமுன் மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டையும் துடைத்தேன். பெரிய கெட்டிக்காரி போல, கோடு இருந்த இடத்தில் நாலு பூச்சட்டிகளை வரிசையாக வைத்தேன்.

மறுநாள் காலை, காளியப்பன் வேலைக்கு வருமுன், பொலிஸ் தேடுதலுக்கு வந்தது. ஆயுதம் புதைத்திருக்கிறோமா என்று சட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். அந்த நேரம்தான் றேமண்டை ஜீப்பில் ஏற்றினார்கள். எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. அவருடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே பக்கத்து வீட்டு ரபீக்காவிடம் கத்தினேன்.

“காளியப்பன் வந்தா, பூச்சட்டி இருக்கிற பக்கம் வெட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ!”

நாளைக்கு வரச் சொல்லுங்கோ என்று ஏன் என் வாயில் வரவில்லை?

மத்தியானம் றேமண்டை விட்டார்கள். மாதா காப்பாற்றிவிட்டா என்று அழுதபடி வீட்டுக்கு வந்தேன். முற்றம் நிறையச் சனம். கட்டையின் இடது பக்கம் தோண்டிய குழிக்கருகில் காளியப்பன் கிடந்தார். பொலிஸ் தூக்கிப் பார்த்த பூச்சட்டிகள் நாலும் வலது பக்கம் இருந்தன.

“நீங்க சொன்ன மாதிரியே சொன்னன். அவர் சட்டிப் பக்கம் போகவே இல்ல,” என்று ரபீக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மின்சாரக் கந்தோர் உத்தியோகத்தர் வந்தார். உடைத்த சீமெந்தும் மண்ணும் முற்றமெல்லாம் குவிந்து கிடந்ததால் அவர் கோட்டைத் தேடவில்லை. கோடு போட்டிருந்தும் கூலியாள் கவனிக்காமல் வெட்டினான் என்று எழுதினார். றேமண்ட் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

காளியப்பனின் மனைவி ஜெகதீஸ்வரி என் கையைப் பிடித்தாள். “அவரு கோட்டத் தாண்டி வெட்டுற ஆளில்லீங்கம்மா. நெசமாவே கோடு போட்டிருந்தாங்களா?”

“போட்டிருந்தவை,” என்றேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“கோடு இருந்துச்சாமே! கண்ணு எங்கய்யா போச்சு ஒனக்கு?” என்று அவர் நெஞ்சிலேயே அடித்து அழுதாள்.