கால் வேகம்

"இடுப்பைப் பிடிடா, தோளை இல்ல. இழுத்து வச்சா வலிக்கும் அவருக்கு," என்றாள் வெர்னா.

லாண்டிஸ் தகப்பனின் இடுப்புக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினான். டீசல் விட்டுத் தேய்த்தும் போகாத பைன் பிசின் அவன் நகக்கண்களில் கறுத்துக் கிடந்தது. தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. மர ஆலையில் நாற்பது வருஷம் கட்டை உருட்டிய கிளோவிஸ் டேட்டம் நனைந்த கோணிச்சாக்கு மாதிரி கையோடு வந்தார். அக்கா வெர்னா ஈர விரிப்பை உருவிக்கொண்டு புதியதைச் செருகினாள்.

கிளோவிஸ் கண்ணைத் திறந்தார். "மைக்கா கையெழுத்துப் போட்டுட்டானா?"

"இன்னும் விடியவே இல்லப்பா. பேசாம இருங்க."

"சட்டை."

"என்ன சட்டை?"

"சிவப்புச் சட்டை. இன்னிக்கு புதன்."

வெர்னா தம்பியைப் பார்த்தாள். லாண்டிஸ் ஜன்னலைப் பார்த்தான். மூக்குக் குழாயைக் கழற்றாமல், கைகளை ஒவ்வொன்றாக நுழைத்து, கால்டர் கல்லூரியின் சிவப்புச் சட்டையை அவள் அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். பொத்தான் ஒன்று தவறி மாறிப்போயிற்று. அவள் அதை மாற்றவில்லை.

டிசம்பரின் அந்தப் புதன்கிழமை கிளோவிஸுக்குக் கிறிஸ்துமஸை விடப் பெரிய நாள். பள்ளிக்கூடக் கடைசி வருஷப் பையன்கள் எந்தக் கல்லூரிக்கு அமெரிக்க ஃபுட்பால் ஆடப்போகிறோம் என்று கையெழுத்துப் போடும் நாள். ஜார்ஜியாவின் இந்தப் பைன் காட்டு ஊர்களில் அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடாது. கிளோவிஸ் கால்டரில் படித்தவரில்லை. மைதானத்தைத் தவிர அதன் எந்தக் கட்டடத்துக்குள்ளும் கால் வைத்தவரில்லை. ஆனால் "நாம" என்றுதான் சொல்லுவார். நாம போன வருஷம் பந்து பிடிக்கிறவனைக் கோட்டை விட்டோம். நமக்கு இந்த வருஷம் முன்வரிசைக்கு மூணு பேராவது வேணும்.

எதிராளியை மறித்து நிற்கும் அந்த முன்வரிசைக்கு அவர் மனசில் முதலில் நின்றவன் மைக்கா பெல். பக்கத்து ஊர்ப் பையன். பத்தாம் வகுப்பிலேயே கால்டருக்கு வாக்குக் கொடுத்தவன். அவனைப் பார்க்க வெள்ளிக்கிழமை தவறாமல் உட்காரும் மெத்தைத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் போனார். அக்டோபர் குளிரில் அங்கே உட்கார்ந்து இருமியதுதான், அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

"என் மூத்தவன் பொறந்த நாள் கேளு, தெரியாது. அந்த மைக்காவோட ஷூ சைஸ் கேளு, தூக்கத்துல சொல்லுவாரு," என்றாள் வெர்னா, ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு.

"பதினஞ்சு," என்றார் கிளோவிஸ் கண்ணைத் திறக்காமல்.

லாண்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குப் போகாமல் மூன்று நாளாக இந்த அறையில் நிற்கிறான். அவர் அவனிடம் கேட்டதெல்லாம் தண்ணீர், தலையணை, மைக்கா. மற்றபடி அவனைப் பார்க்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கட்டிலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

ஒரு காலத்தில் அவனும் கால்டருக்குப் போகவேண்டியவன்தான். அதே முன்வரிசை. பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் மேஜை போட்டு, சிவப்புத் துணி விரித்து, தொப்பி வைத்திருந்தார்கள். அம்மா கல்லூரிப் பெயரைச் சிவப்பு க்ரீமில் எழுதிக் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு லாண்டிஸ் ஒலிபெருக்கி மைக்கைப் பிடித்து, "எனக்கு ஃபுட்பால் வேண்டாம்" என்றான். அவ்வளவுதான். அப்பா எழுந்து, மேஜைமேல் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு நேரே லாரிக்குப் போய்விட்டார். அன்று முதல் ஊரில் யார் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "கையில கொடுத்ததை வீசி எறிஞ்சவன்."

அதற்கு அரை மணி நேரம் முன்னால் அந்த அறைக்கு வெளியே, கழிப்பறைப் பக்கத்தில், கால்டரின் பயிற்சியாளர் ஒருவர் ஃபோனில் அவனிடம் பேசியதை யாரும் கேட்கவில்லை. உன் இடத்துக்கு வேறு பையன் கிடைத்துவிட்டான் தம்பி, மன்னிச்சுக்க, வேணும்னா ஒரு வருஷம் சொந்தச் செலவில் வந்து பாரு. பதினேழு வயசில், கைவிடப்பட்டவனாக அந்த மைக்கின் முன்னால் நிற்பதைவிட வேண்டாம் என்று சொன்னவனாக நிற்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாள் அப்பா அவன் முகத்தையே பார்க்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

பத்து மணிவாக்கில் ஹோலிஸ் வந்தார். அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்தவர். அவரும் சிவப்புத் தொப்பி. ஒரு கையில் அவித்த நிலக்கடலைப் பை, இன்னொரு கையில் ஃபோன்.

"என்னய்யா கிளோவிஸ், படுத்துக்கிட்டே கால்டருக்கு ஆள் எடுக்குறியா?"

"மைக்கா?"

ஹோலிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"சொல்லுய்யா."

"மைக்கா பெல்லும் கால்டரும் அவரவர் வழியில் போக முடிவு, அப்படின்னு போட்டிருக்கான்." ஹோலிஸ் ஃபோனைத் தொடையில் கவிழ்த்தார். "அவரவர் வழியாவது மண்ணாவது. டெக்சஸ்லேருந்து வேற காலேஜ்ல ஆடிக்கிட்டிருக்கிற ஒருத்தன் வர்றானாம். இன்னிக்குக் காலையில பையனுக்குப் போனைப் போட்டு இடம் இல்லன்னுட்டாங்க. அவன் மாமன்காரன் பெட்ரோல் பங்குல நின்னு அழுவுறான். கேக்கெல்லாம் வாங்கி வச்சிருந்தாங்களாம்."

ஆக்ஸிஜன் எந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. லாண்டிஸ் அப்பாவின் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தில் ஏதாவது அசையும் என்று காத்திருந்தான். இருமல் வந்தது. வெர்னா வாயைத் துடைத்துவிட்டாள்.

"நல்லதுதான்," என்றார் கிளோவிஸ்.

"எதுய்யா நல்லது?"

"நாம சரியாத்தான் பண்ணியிருக்கோம். பையனுக்கு முட்டி எறங்க மாட்டேங்குது. நானே பாத்தேன்."

"நேத்து வரைக்கும் தூணு மாதிரி நிக்கிறான்னே!"

"தூணு நிக்கும். நகராது."

"என்ன 'நாம'?" என்றான் லாண்டிஸ்.

அவன் குரல் அந்தச் சின்ன அறைக்குப் பெரிதாக இருந்தது. வெர்னா திரும்பினாள்.

"நீங்களா போன் பண்ணீங்க? ரெண்டு வருஷமா வாக்குக் கொடுத்து வச்சுக்கிட்டு, மத்த காலேஜையெல்லாம் வர விடாம பண்ணிட்டு, கையெழுத்துப் போடுற அன்னிக்குக் காலையில போடான்னு சொல்றாங்க. அதுக்கு நீங்க முட்டியைப் பத்திப் பேசுறீங்க."

"ஒனக்கென்னடா தெரியும்? வீசி எறிஞ்ச பய நீ."

"நான் எறியல. எனக்கும் போன்தான் வந்துச்சு." நிறுத்த நினைத்தான், முடியவில்லை. "அன்னிக்கு. அந்த ரூமுக்கு வெளிய. வேற ஆள் கெடைச்சுட்டான்னு சொன்னாங்க. நான் வேண்டாம்னு சொல்லல. அவங்கதான் வேண்டாம்னாங்க."

ஹோலிஸ் கையிலிருந்த கடலையைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

கிளோவிஸ் அவனை வெகுநேரம் பார்த்தார். வருஷக்கணக்கில் அவர் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"பொய்," என்றார்.

"அப்பா..."

"கால்டர் வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்."

"இப்பதானே மைக்காவுக்கு..."

"அது வேற." மூச்சு வாங்கியது. கையை விரிப்பின் மேல் கொஞ்சம் தூக்கினார். ஆலை ரம்பம் தின்றுபோக மிச்சம் மூன்று விரல். "வெளிய போ. சாகுற நேரத்துல வந்து பொய் சொல்றான்."

லாண்டிஸ் பின்வாசல் வழியாகப் போனான். விறகு பிளக்கும் கோடாலி கட்டையில் குத்தியபடி நின்றது. பிளக்க வேண்டிய விறகு எதுவும் இல்லை, போன வாரமே பிளந்து அடுக்கியாயிற்று. பிளந்ததையே எடுத்து வைத்து மறுபடி பிளந்தான். குச்சி குச்சியாகத் தெறித்தது.

வெர்னா ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு வந்து படியில் நின்றாள்.

"நெசமாவாடா?"

"நீயும் கேளு."

"ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? என் முட்டியைப் பத்திப் பேசியிருப்பாரு."

"என்ன ஆகியிருந்தாலும் ஆகியிருக்கட்டும்." அவள் படியை விட்டு இறங்கி வந்தாள். "நவம்பர்ல நன்றி சொல்ற நாள் விருந்துல ஒரே மேஜையில உக்காந்து ரெண்டு பேரும் உப்புன்னுகூட ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேக்க மாட்டீங்க. ரெண்டு பக்கமும் உப்பை மாத்தி மாத்தி வச்சவ நான். அம்மா சாகுற வரைக்கும் எம்புள்ள ஏன் அப்படிச் செஞ்சான், ஏன் அப்படிச் செஞ்சான்னு கேட்டுக்கிட்டே செத்தா. உனக்கு வாய் வரல. இன்னிக்கு வந்துச்சு பாரு. நல்ல நாள் பாத்த."

அவன் கோடாலியைக் குத்தி நிறுத்தினான். அவள் உள்ளே போய்விட்டாள். கதவை அறையவில்லை; உள்ளே ஒருத்தர் படுத்திருக்கிறார் என்பது கோபத்திலும் அவளுக்கு நினைவிருந்தது.

மதியம் நர்ஸ் வந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், நாக்கடியில் மருந்தைச் சொட்டினாள். வாசலில் நின்று வெர்னாவிடம், "யாராவது வரவேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க," என்றாள். வெர்னா பிள்ளைகளுக்கு ஃபோன் போட வெளியே போனாள். ஹோலிஸ் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியைக் கூட்டி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது லாண்டிஸின் தோளை ஒருமுறை தட்டினார். நம்பித் தட்டினாரா, பாவம் என்று தட்டினாரா தெரியவில்லை.

லாண்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பாவின் மூச்சு இப்போது இடைவெளி விட்டு விட்டு வந்தது. நெஞ்சில் ஈரமாக எதுவோ உருண்டது.

"லாண்டிஸ்."

அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவனுக்கு முதலில் உறைக்கவில்லை.

"ம். இங்கதான் இருக்கேன்."

"ஒனக்குக் கால் வேகம் பத்தல."

அவன் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தான்.

"பக்கவாட்டுல." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சைத் தேடிப் பிடித்தார். "உயரம் இருந்துச்சு. பலம் இருந்துச்சு. வலது காலை நீ எடுத்து வைக்கிறதுக்குள்ள எதிராளி உள்ள பூந்துருவான். கடைசி வருஷம், மூணாவது மேட்ச்லயே பாத்தேன்."

"பாத்தீங்கன்னா ஏன் சொல்லல?"

"சரியாயிரும்னு நெனச்சேன்."

லாண்டிஸின் இரண்டு கைகளும் முட்டியின் மேல் மடங்கிக் கெட்டிப்பட்டன. காலையில் பொய் என்றவர் இப்போது நம்பிவிட்டார். நம்பி, அவர்கள் பக்கமே போய் நின்றுகொண்டு, அவன் காலைக் குறை சொல்கிறார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க அங்கே ஒன்றுமில்லை.

"அவங்க பண்ணது தப்புப்பா. அதை ஒரு தடவை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

கிளோவிஸின் கண்கள் கூரையில் எதையோ தேடின. உதடு அசைந்தது. லாண்டிஸ் குனிந்து காதைக் கொடுத்தான்.

"வேற யாரெல்லாம் போட்டிருக்கானுங்க?"

"என்னது?"

"கையெழுத்து. படி."

லாண்டிஸ் நிமிர்ந்து, தலையணைக்கடியில் இருந்த அப்பாவின் ஃபோனை எடுத்தான். பூட்டு எதுவும் இல்லை. திறந்ததுமே கால்டர் பட்டியல் பக்கம்தான் வந்தது. அவன் படித்தான். பெயர், ஊர், உயரம், எடை. மேக்கனிலிருந்து ஒரு பந்து வீசுபவன். மொபைல் என்ற ஊரிலிருந்து ஒரு ஓட்டக்காரன், ஒல்லி. சவான்னாவிலிருந்து முன்வரிசை, ஆறடி ஐந்து. சிலருக்கு அப்பா "ம்" என்றார். ஓட்டக்காரனுக்கு மூக்கைச் சுருக்கினார். கடுப்போடு ஆரம்பித்தவன் எப்போது மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படிக்கத் தொடங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மைக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டெக்சஸ்காரன் இருந்தான். அதைத் தாண்டிப் படித்தான். அதற்கப்புறம் "ம்" வரவில்லை. இன்னும் இரண்டு பேரைப் படித்த பிறகுதான் அவன் தலையைத் தூக்கினான்.

எந்திரம் மட்டும் யாருக்கோ காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது.

"வெர்னா," என்றான். சத்தமாகத்தான் சொன்னதாக நினைத்தான். அவள் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் வந்து அப்பாவின் முகவாயைக் கையால் தாங்கி மூடினாள். மாறிப்போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். எந்திரத்தை நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் அது இத்தனை நாளும் எவ்வளவு சத்தம் போட்டது என்று தெரிந்தது.

"ஏதாவது சொன்னாரா?"

"ஆட்டத்தைப் பத்தித்தான்."

"உன்னைப் பத்தி?"

லாண்டிஸ் ஃபோனை மேஜைமேல் வைத்தான். "அதுவும் ஆட்டத்தைப் பத்தித்தான்."

ஹோலிஸ் மனைவியோடு திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "ஆள் எடுப்பு முடியிறதுக்குள்ள போயிட்டியேய்யா," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு சத்தமாகிவிட்டது. அவர் மனைவி அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வெர்னாவின் பிள்ளைகள் வந்துவிட்டிருந்தார்கள். யாரோ காப்பி போட்டார்கள்.

சவ அடக்கக்காரர்கள் இரண்டு பேர் வந்து அவரை எடுத்துப்போனார்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போனார்கள், சக்கரத் தடம் பலகையில் கீறலாகக் கிடந்தது. லாண்டிஸ் மருந்துச் சீசாக்களை ஒரு பெட்டியில் போட்டான். குழாயைச் சுருட்டினான். மேஜையில் ஃபோன் ஒருதரம் அதிர்ந்து நின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை.

அறை நடுவில் இடம் காலியாக இருந்தது. அவன் அங்கே போய் நின்றான். கொஞ்சம் நின்றபிறகு, முன்வரிசையில் நிற்கிற மாதிரி முட்டியை மடக்கி, முதுகை நேராக்கி, கைகளை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தான். இடுப்பு முறுக்கிக்கொண்டு வலித்தது. வலது காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தான். இடது காலை அதனோடு சேர்த்தான். மறுபடி வலது. மறுபடி. கனத்த வேலை பூட்ஸ் பலகையில் இடித்து, பெட்டிக்குள் சீசாக்கள் கிணுகிணுத்தன.

"என்னடா அங்க சத்தம்?" சமையலறையிலிருந்து வெர்னா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

அவன் குனிந்து பூட்ஸின் கயிறுகளை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு, திரும்பிவந்து, முதலில் நின்ற இடத்திலேயே நின்று முட்டியை மடக்கினான்.